டென்வர் பத்து சென்ட்

எங்கள் ஸேன்ஸ்வில் நாணயச் சங்கத்தில் ஆர்லோ கிம்பலிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பழைய வெள்ளிக் காசை யாராவது கழுவிவிட்டார்கள் என்று தெரிந்தால் போதும், குதிக்க ஆரம்பித்துவிடுவார்.

"நூறு வருஷக் கறுப்புய்யா அது. அதுதான் காசோட தோலு. தோலை உரிச்சுட்டு வந்து என்ன விலை போகும்னு கேக்குறியா?"

அப்பா விட்டுப்போன அரை டாலரை நான் பளபளப்பாக்கிக்கொண்டு போன அன்று எனக்கும் திட்டு விழுந்தது. அத்தனை பேர் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த ஆள் ஒருநாள் வகையாக மாட்ட வேண்டும் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன்.

காசுகளைப் பதித்து வைக்கும் ஆர்லோவின் நீல அட்டை ஆல்பத்தில் ஒரே ஒரு குழிதான் காலி. 1916இல் டென்வரில் அடித்த பத்து சென்ட் அங்கே உட்கார வேண்டும். அதன் பின்பக்கம் பொடியாக, டென்வரைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்து இருக்கும். எழுத்து இல்லாவிட்டால் அதை விற்று ஒரு காபிதான் வாங்கலாம். இருந்தால் பழைய கார் ஒன்று வாங்கலாம். அதனாலேயே சாதாரணக் காசில் எழுத்தை ஒட்டி விற்கும் களவாணிகளும் உண்டு.

சென்ற மாதக் கூட்டத்துக்கு ஆர்லோ அந்தக் காசோடு வந்தார். பழைய பொருள் சந்தையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்ததாம். விலை மதிப்பிடும் கடைக்காரர் மெர்ல் டெட்வைலர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். காசு புதுக் கரண்டி மாதிரி மின்னியது.

"எழுத்து சரியாத்தான் இருக்கு," என்றார் மெர்ல். "ஆனா இந்தப் பளபளப்பு உறுத்துது. எழுத்தை ஒட்டுறவன்தான் தடம் தெரியாம இருக்க இப்படித் தேய்ப்பான். யாரு தேச்சான்னு தெரியாம நான் நிஜம்னு சொல்ல மாட்டேன்."

ஆர்லோவின் காது சிவந்தது. வாயைத் திறந்தால் தன் பேர் போகும். மூடினால் காசின் பேர் போகும். தேய்த்தது யார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நான்தான்," என்றார் ஆர்லோ.

"நீதான் என்ன?"

"நான்தான் தேச்சேன். எழுத்து இருக்கா இல்லையான்னு அழுக்குல தெரியலை. சமையல் சோடாவைத் தொட்டு லேசா ஒரு தடவை. எழுத்து தெரிஞ்சதும் கை நிக்கலை மெர்ல். ஆனா எழுத்து அந்த அழுக்குக்கு அடியிலதான் இருந்துச்சு. எவனும் ஒட்டலை."

மெர்ல் காசைச் சாய்த்துச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

"இதுக்காக நீ உன் மானத்தை விட்டுப் பொய் சொல்ல மாட்டே. நிஜக் காசுதான். பாதி விலை போச்சு, உனக்குத் தெரியாததில்லை."

"தெரியும்."

ஆர்லோ காசைக் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்; சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"விடு ஆர்லோ. நான் எங்கப்பா காசுக்கு டூத்பேஸ்ட் போட்டேன்," என்றேன்.

அவர் நிமிரவில்லை.

மெர்ல் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானும்தான். கடை ஆரம்பிச்ச புதுசுல ஒரு பெட்டி வெள்ளி டாலரை மெஷின்ல கொடுத்து பாலிஷ் பண்ணினேன்."

ஆர்லோ மெல்லத் தலையைத் தூக்கினார்.

"மெஷின்லயா?"

"ஆமா."

"வெள்ளி டாலரையா? ஒரு பெட்டியையா? யோவ், நீயெல்லாம் மனுஷனாய்யா?"

கூட்டம் முடியும்வரை மெர்லுக்குத் திட்டு விழுந்துகொண்டே இருந்தது. நாங்கள் காபியை நிரப்பிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்து கேட்டோம்.