காகிதம் இல்லாத வளையம்

ஜெபசீலனுக்கு வயது அறுபத்து நாலு. அவர் பார்த்துக்கொண்ட விமானத்துக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டில் எதை அவர் அதிகம் கவனித்தார் என்று அவர் மனைவி பூங்கனியிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

விமானப்படையில் இருபத்தைந்து வருடம், வளைகுடாவில் பதினைந்து வருடம் ஸ்பேனர் பிடித்துவிட்டுக் கருங்கல் ஊரில் வீடு கட்டி உட்கார்ந்தவரை உட்காரவிடாதவன், பூங்கனியின் தம்பி மத்தியாஸ். ரப்பர் தோட்டக்காரன். கையில் காசு சேர்ந்தால் மற்றவர்கள் கார் வாங்குவார்கள். இவன் உலகப்போர்க் காலத்து விமானம் ஒன்றை வாங்கினான், முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். ஓட்டவும் படித்தான். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டி ஒரு பொட்டலில் ஓடுபாதை போட்டான், தகரக் கொட்டகை கட்டினான். பழுது பார்த்துக் கையெழுத்துப் போட அத்தானைக் கூப்பிட்டான்.

அத்தானுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காகிதம் இல்லாத சாமான் விமானத்துக்குள் போகாது. எங்கே செய்தது, எதனால் செய்தது, யார் சோதித்தது என்று சீட்டு வேண்டும். செய்த கம்பெனியை மூடியே ஐம்பது வருடம் ஆயிற்று என்றாலும் அசரமாட்டார். ஒரு போல்ட்டுக்காக ஐந்து மாதம் காத்திருந்தார். அந்த ஐந்து மாதமும் மத்தியாஸ் ஞாயிறுதோறும் வந்து, ஓடாத விமானத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

போன மாதம் பெட்ரோல் வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடிப்பு விட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மத்தியாஸ் தன் தோட்டத்து ரப்பரிலேயே ஒன்று செய்வித்துக் கொண்டுவந்தான். கறுப்பு நிறம், அளவும் கச்சிதம். ரப்பர் விளைகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு ரப்பர் வளையத்துக்குச் சீமையை எதிர்பார்க்க ஜெபசீலனுக்கே வெட்கமாக இருந்தது. மச்சினனிடம் போய்ச் சீட்டு கேட்கவும் ஒருமாதிரியாக இருந்தது. மாட்டினார். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். விமானம் மூன்று தடவை பறந்து பத்திரமாக இறங்கியது.

மத்தியாசின் ஒரே மகள் சிந்தியாவுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். முந்தின நாள் வீட்டுப் பந்தல்மேல் ஆகாயத்திலிருந்து பூப்போடப் போவதாக அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அதற்காக வியாழக்கிழமை ஜெபசீலன் வடிகட்டியைத் திறந்தார். வளையம் ஊறின அப்பளம்போல உப்பிக்கிடந்தது. விரல் பட்டதும் பிய்ந்தது. துணுக்குகள் குழாய்க்குள் போயிருந்தன. கடைசித் தடவை இன்னும் பத்து நிமிடம் மேலே இருந்திருந்தால் இன்ஜின் நின்றிருக்கும். தோட்டத்து ரப்பர் பெட்ரோலில் ஊறிக் கெடும் என்பது பதினெட்டு வயதில் அவர் படித்த பாடம். அடப்பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. பெட்ரோல் மோசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மத்தியாஸ் நம்பிவிடுவான். நாற்பது வருடப் பேரும் கெடாது. கால்மணி நேரம் அதைத்தான் யோசித்தார், நல்ல மனிதர்தான், ஆனாலும் யோசித்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, பறக்கத் தகுதியில்லை, காரணம் என் தவறு என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு மத்தியாசுக்குப் போன் போட்டார்.

வந்தவன் வளையத்தைப் பார்த்தான். பந்தல், பூ, சொந்தக்காரர்கள் என்று ஏதேதோ பேசினான். குழாயை ஊதிவிட்டு ஒரே ஒரு தடவை ஓட்டினால் என்ன என்றும் கேட்டான். ஜெபசீலன் பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினார். சிவப்பு வரியைப் படித்துவிட்டு மேலே உள்ள வரிகளைப் பார்த்தான். கடைசிப் பறப்பின் தேதியில் அவன் விரலை வைத்தான்.

"அண்ணைக்குப் பின்சீட்டுல எனக்க பிள்ளயல்லா இருந்தா, அத்தான்."

"ஆமா மக்கா," என்றார் ஜெபசீலன். "பெல்ட் போட்டுவிட்டது நான்தான்."