சத்தம் வராத வெண்டைக்காய்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கப்புகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. சூளையிலிருந்து வந்த கப்பை விரல் நுனியில் நிறுத்தி ஒரு குச்சியால் தட்ட வேண்டும். ‘டிங்’ என்றால் தேறியது. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், உடைசல் கூடைக்குப் போகும். என் வாயும் இதே உத்தியோகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடித்தால் சத்தம் வருவது உள்ளே போகும். வழவழ, கொழகொழ எல்லாம் உடைசல். சோறு மட்டும் விதிவிலக்கு. உதிரி உதிரியாக, எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி இருந்ததால் அதற்கு மன்னிப்பு உண்டு. மூன்று வேளையும் மன்னித்தேன்.

பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். சட்டைக் காலரில் தைத்திருக்கும் சீட்டு என்னைக் குத்திக் கொல்வதற்கும் அதுதான் காரணமாம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் தெருவில் அதற்கு நொரநாட்டியம் என்று பெயர்.

நான் மன்னித்த சோறு என்னை மன்னிக்கவில்லை. அந்த வருஷங்களில்தான் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, “சோத்தக் கொறைங்க, காயக் கூட்டுங்க. ஒரு மாசத்துல எறங்கலேன்னா ஊசிதான், தெனமும்” என்றார். காலர் சீட்டுக்கே சட்டையைக் கழற்றி எறிகிறவன் நான். தினமும் ஊசி என்றதும் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாளே மனைவி கத்திரிக்காய்க் கூட்டு வைத்தாள். கம்பெனியில் அச்சில் ஊற்றுகிற களிமண் கூழ் அப்படியே. துப்பினேன். அடுத்த நாள் சுரைக்காய். அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் வெண்டைக்காய் நூல் விட்டுக்கொண்டே வெளியே வந்தது.

“ஏங்க, நாப்பது வயசு ஆளு. கொழந்தைங்ககூட இப்படித் துப்பாதுங்க.”

“அது என்னத் தொட்டுச்சு.”

“வெண்டைக்கா தொடாம என்னா பண்ணும், கும்புடு போடுமா?”

ஒரு வாரம் வறுத்த வேர்க்கடலையில் ஓட்டினேன். எங்கள் பக்கம் அது மலிவு. ஆனால் கடலையை மட்டுமே தின்றால் வயிறு என்ன பேசும் என்பது பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் பொறி தட்டியது. ஈரம் வற்றாத மண் சாமானைச் சூளைக்குள் விட்டால் வெடித்துவிடும்; அதனால் முதலில் காய வைப்போம். ஆக, குற்றவாளி காய் இல்லை, ஈரம்தான். வெண்டைக்காயை மெல்லிய வளையமாக நறுக்கிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். காய்கிற பலகையில் ஒரே தூசி. சுத்தமாக இருக்கட்டுமே என்று அங்கே வரிசையாக இருந்த, இன்னும் சுடாத பச்சைக் கப்புகளுக்குள் நாலு நாலாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பலகையில் இருப்பதை அப்படியே தூக்கிச் சூளையில் அடுக்குவது அங்கே வழக்கம். கப்புக்குள் யார் எட்டிப் பார்ப்பார்கள்? நான் திரும்பி வந்தபோது பலகை காலி, சூளையை மூடியாயிற்று.

சூளை திறந்த அன்று ஒவ்வொரு கப்பின் அடியிலும் கறுப்பாக ஒரு பூ.

“ஏம்பா, கப்புக்கு உள்ளார பூ போடச் சொல்லி யாரு ஆர்டர் குடுத்தா?” என்றார் மேஸ்திரி.

பழக்க தோஷத்தில் ஒன்றைத் தட்டினேன். “சத்தம் நல்லாத்தாங்க இருக்குது.”

“சத்தத்தக் கேக்கல. இது என்னா?”

“வெண்டைக்காய்ங்க.”

வைக்கோல் சுற்றிக் கப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இரண்டு கப்பு உடைந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. ஊசி விஷயத்தைச் சொன்னேன். கப்பின் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இந்தச் சூட்டுல வெண்டைக்கா இல்ல, உன்ன வெச்சாலும் இதான் மிஞ்சும். ஏம்பா, வூட்ல தோசக்கல்லு இல்லியா?”

இருந்தது. அதில் தோசையைத் தவிர வேறொன்றைப் போடலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மனைவி வளையங்களை ஒரு பகல் வெயிலில் உலர்த்தி, கல்லில் பரப்பி, சிறுதீயில் கருகுவதற்கு முன்னால் எடுத்தாள். கடித்தேன். சத்தம் அடுப்படிவரை கேட்டிருக்க வேண்டும். அவள் இன்னொரு பிடி வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்தாள். பிறகு முட்டையை மெல்லிசாக ஊற்றி ஓரம் முறுகும்வரை விட்டாள். முட்டைக்கோஸ் வந்தது, நெத்திலிக் கருவாடு வந்தது. சோறு ஒரு கரண்டிக்கு இறங்கியது.

மாதம் முடிந்து மனைவியோடு போனேன். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார்.

“எறங்கியிருக்குது. ஊசி வேணாம். ஆனா சலிச்சுப் போச்சுன்னு விட்டுடக் கூடாது. இதையேதான் தெனமும் சாப்புடணும். கஷ்டமா இருக்குமா?”

தினமும் ஒரே சாப்பாடு, மாற்றவே கூடாது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. மனைவிக்கு வந்தது.

“அவருக்கு என்னாங்க கஷ்டம்? தெனமும் அடுப்பாண்ட நின்னு வறுக்கிறது நானு. என்னக் கேளுங்க.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “அடுப்பு பத்த வெக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

சீட்டில் மாத்திரைக்குக் கீழே அடுப்பு வேலையையும் எழுதினார். காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை.