நூர்ஜான் அக்காவும் தண்ணீர் வராத வாய்க்காலும்

நூர்ஜான் அக்கா இன்று காலை இறந்துவிட்டார்…

அவர் மகன் போன் செய்தான். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்களாம். முகம் பார்க்க வந்துவிடுவேன், எனக்காகக் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு சேலத்தில் பஸ் ஏறினேன்.

இப்போது தொப்பூரில் நிற்கிறோம். முன்னால் லாரி ஏதோ கவிழ்ந்து டிராபிக். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் போனில் இந்தக் குழுவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் என் பேத்தியிடம் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இங்கே யாருக்கும் அக்காவைத் தெரியாது. அறுபதுகளின் கடைசியில் தருமபுரி பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் நாங்கள் இருவரும் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவினோம். எங்கள் டவுனில் அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைதான்… புளித்த மாவு வாசனை, புகை, சங்குச் சத்தம்.

இரண்டாவது சங்கு ஊதினால் கேட் மூடிவிடும். மூன்று தடவை வெளியே நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள். வேலை போச்சு.

ரோட்டைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். வாய்க்காலில் இறங்கி நடந்தால் கால் மணி நேரம்தான். ஏரி தூர்ந்து, அந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தே பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவிலிருந்து போன பதினெட்டுப் பெண்களுக்கும் அதுதான் ரோடு.

தூக்குப்போசியோடு வரிசையாகப் போவோம். முன்னால் நூர்ஜான் அக்கா. நடையா அது… ஓட்டம். உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு சங்கு ஊதுகிறார்களா என்று கிண்டல் செய்வோம்.

ஒரு நாள் வாய்க்காலின் குறுக்கே வேலமுள் கிடந்தது. பக்கத்து மேட்டுக்காட்டுக்காரர் வேலை. தண்ணீர் வராத வாய்க்கால்தானே, காட்டோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

அக்கா திட்டவில்லை. முள்ளை எடுத்துக் கரையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு நடந்தார். சாயங்காலம் மறுபடி முள். மறுபடி எடுத்து அடுக்கினார். இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள்… கையெல்லாம் கீறல்.

பிறகு மேட்டுக்காட்டுக்காரர் கரையை வெட்டித் தள்ளி, உழுது, கடலை போட்டுவிட்டார். வாய்க்கால் இருந்த இடமே தெரியவில்லை. மற்ற எல்லோரும் ரோட்டுக்குப் போய்விட்டோம். அந்த வாரமே இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

அக்கா மட்டும் கடலைக்காட்டில் செடிகளுக்கு நடுவே சால் பார்த்துக் கால் வைத்து நடந்தார். ஒரு செடியை மிதிக்கவில்லை. ஒரு நாளும் நிறுத்தவில்லை.

அந்த வருஷம் ஜமாபந்திக்கு மனு கொடுப்போம் என்றார். தாலுகா ஆபீசில் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க் கணக்கையெல்லாம் பார்த்து, ஜனங்களிடம் மனு வாங்குவார்களே, அது. நான் எட்டாவது வரை படித்தவள், நான்தான் எழுதினேன். கைநாட்டு வைக்க அக்கா ஆலை மேஸ்திரியின் ஸ்டாம்ப் பேடைக் கேட்காமலே தூக்கி வந்தார்.

ஆபீசர் மனுவைப் படித்துவிட்டு, தண்ணியே வராத வாய்க்கால் உங்களுக்கு எதுக்கும்மா என்று கேட்டாராம்.

"தண்ணி வர்றதில்லீங்க சார். நாங்க தெனம் வர்றமுங்க."

கூடப் போனவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஊர்க் கணக்குப்பிள்ளை கர்ணத்தின் கணக்கில் வாய்க்கால் இருந்தது, தரையில்தான் இல்லை. அளக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எங்கிருந்து அளவுச் சங்கிலி பிடிப்பது என்று தெரியாமல் முழித்தார். அக்கா அவரை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போய், ரோட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பாலத்தைக் காட்டினார். ஆறும் இல்லை, ஓடையும் இல்லை, அப்புறம் இந்தப் பாலம் எதுக்குங்க என்று கேட்டார். அங்கிருந்துதான் அளந்தார்கள். கடலை பிடுங்கிய கையோடு மேட்டுக்காட்டுக்காரர் வழியை விட வேண்டியதாயிற்று.

ஆலை இப்போது கல்யாண மண்டபம். வாய்க்காலின் மேல் சிமெண்ட் ரோடு. அந்தச் சின்னப் பாலம் பாதி புதைந்து, இன்னும் இருக்கிறது.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை.

தாலுகா ஆபீசுக்கு நான் போகவில்லை. மனுவில் பதினேழு கைநாட்டுதான் இருந்தது. எங்கள் அப்பா மேட்டுக்காட்டுக்காரரிடம்தான் குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். என் பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். பயம்… வேறென்ன.

அக்கா பார்த்தார். தாளை மடித்துக்கொண்டார். யார் எழுதிக் கொடுத்தது என்று ஆபீசர் கேட்டதற்கும், சொன்னது நான்தாங்க என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டாராம்.

உன் மகள் பெயர் அதில் இல்லை, நல்ல பிள்ளை என்று மேட்டுக்காட்டுக்காரர் அப்பாவிடம் சொன்னார்.

அவர்கள் வாங்கிக் கொடுத்த வழியில் அதற்கப்புறம் எட்டு வருஷம் நடந்தேன். ஒரே ஒரு தடவை, அக்கா அந்த மனுவுல… என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வுடு சரோ. கால எட்டிப் போடு, சங்கு ஊதிரப் போவுது."

பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

அக்கா… அப்பாவும் இல்லை, மேட்டுக்காட்டுக்காரரும் இல்லை. அவர்கள் இருந்திருந்தாலும் இன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இத்தனை பேர் பார்க்கத்தான் போடுகிறேன். பதினெட்டாவது ஆள்.

இப்படிக்கு,
சரோஜா