குடி பக்கத்துச் சுவர்

போன வாரம் திருப்பதியில் என் தெருமுனையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். ஜேசிபி ஓட்டிய பையன் மேலிருந்து, "லெஃப்ட்டா அண்ணா?" என்று கேட்டான். கீழே நின்றவர், "ரைட்டு, ரைட்டு!" என்று கையை ஆட்டினார். சரி என்று சொன்னாராம். வண்டி வலது பக்கம் திரும்பி, அடுத்த வீட்டு மதிலைப் படுக்கவைத்தது. எல்லோரும் அலற, நான் மட்டும் சிரித்துவிட்டேன். மதிலுக்குச் சொந்தக்காரர் பார்த்த பார்வையில் பால் பாக்கெட்டோடு வீட்டுக்கு ஓடிவந்தேன். சட்டையெல்லாம் செங்கல் தூள். அந்த வாசனைக்கு எனக்கு இட்லிதான் ஞாபகம் வரும். காரணம் இருக்கிறது.

சித்தூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. சுப்பய்யா என்பவரின் வீட்டில் பாதியை மட்டும் இடிக்கும் வேலை. தெருவிலிருந்து பார்த்தால் இடது பாதி காலி; அதை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில். வலது பாதியில் வசந்தாக்கா வாடகைக்கு இருந்து இட்லிக் கடை நடத்தினார். குடிபாலாக்காரர், என் ஊர். அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. சுப்பய்யாவுக்கும் தினமும் அங்கேதான் டிபன். "உன் பக்கம் ஒரு செங்கல்லும் அசையாதுக்கா" என்று நான் வேறு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஜேசிபி செல்வம் வேலூர்ப் பக்கத்து ஆள். தனக்குத் தெலுங்கு தெரியும் என்பார். தெலுங்குக்காரர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இடிக்கிற அன்று காலை சுப்பய்யா போனில் அவரிடம் சொன்னது ஒரே வரி: "குடி பக்க படகொட்டு." குடி பக்கத்தை இடி. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தெலுங்கில் கோயிலும் குடி, வலதும் குடி. கோயில் என்றால் குண்டூசியின் கு. வலது என்றால் குதிரையின் கு. நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. செல்வத்தின் காதிலும் ஒரே எழுத்துதான்.

நான் இடது பக்கம் டேப் பிடித்து மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்தேன். ஒரு தடவை அளந்து நிறுத்தினால் எனக்குச் சோறு இறங்காது. அப்போது வலது பக்கம் தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வசந்தாக்கா கடைக்குப் பக்கச் சுவர் இல்லை. அடுப்பு இருந்தது, இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது, பெஞ்சில் ஒருவர், "அக்கா, சட்னில சுண்ணாம்பு உழுது" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

வசந்தாக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "யோவ் செல்வம், கண்ணு என்ன பொடனிலயா கீது?"

"ஓனருதான் குடின்னாரு!"

"காலங்காத்தால குடிச்சிட்டு வந்துக்கினு கீறியா?"

"ஐயோ அக்கா, டீகூட குடிக்கல!"

சுவரைக் கட்டித்தர சுப்பய்யா மறுத்தார். "நேனு குடின்னுதான்ப்பா செப்பினேன்!" செல்வமும் அசையவில்லை. எங்கள் பக்கம் இப்படி முட்டிக்கொண்டால் காணிப்பாக்கம்தான். அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண எவனுக்கும் தைரியம் வராது. மறுநாள் நாலு பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். இருவரும் குளத்தில் முழுகி ஈரத்தோடு நின்றார்கள். குடி என்றுதான் சொன்னேன் என்று சுப்பய்யா சத்தியம் செய்தார். குடி என்றுதான் கேட்டேன் என்று செல்வம் சத்தியம் செய்தார். இரண்டும் அப்பட்டமான உண்மை. பிள்ளையார் என்ன செய்வார், பாவம். அத்தனை பெரிய காது இருந்தும் அவருக்கே குழம்பியிருக்கும்.

"சாமி ரெண்டு பேரையும் உட்டுட்டாரு, நான் உடமாட்டேன்" என்றார் வசந்தாக்கா. "ஓனரே, நீ செங்கல்லு குடு. செல்வம், நீ கட்டு. அதுவரிக்கும் ரெண்டு பேருக்கும் இட்லி கெடையாது."

சுவர் சீக்கிரமே எழுந்தது. கொஞ்சம் கோணல். நான் டேப்பை எடுத்தேன். "நைனா, நீ அளந்த வரிக்கும் போதும்" என்றார் வசந்தாக்கா.

பல வருஷம் கழித்துச் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இம்மி பிசகாமல் இடித்தார்கள். நானே அளந்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. இப்போது அங்கே பஸ் பறக்கிறது. குண்டூசிக் குடியும் இல்லை, குதிரைக் குடியும் இல்லை. வசந்தாக்கா எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை.