ஆடிக் காப்பும் இடது கையும்

2024 ஜூலை 27, சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். திண்டிவனத்தில் மழை இல்லை. ஆடிக்காற்று மட்டும் மாடித் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. எழுந்ததும் வழக்கம்போல என் மனைவியின் இடது முன்கையில் மூன்று விரல்களை வைத்தேன். ஒன்றும் இல்லை.

அங்கே ஓர் அதிர்வு இருக்கவேண்டும். அவளுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று முறை விழுப்புரத்தில் டயாலிசிஸ் நடக்கிறது. அதற்காகப் போன வருடம் அந்தக் கையில் சின்ன அறுவை செய்து, ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்தார்கள். பள்ளியில் படித்த சொற்கள்தான். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. சுவர் தடித்தது, உள்ளே வேகம் அதிகம். திரும்பக் கொண்டுவருவது சிரை; மெல்லியது, சாவகாசமானது. இரண்டையும் இணைத்தால் தமனியின் வேகம் சிரைக்குள் பாய்கிறது. சில மாதங்களில் சிரை பருத்து, டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும் உரம் பெறுகிறது. இந்த இணைப்பை ஃபிஸ்டுலா என்கிறார்கள். மேலே விரல் வைத்தால், மோட்டார் ஓடும்போது பம்பு ரூம் கதவைத் தொட்டதுபோல் இருக்கும். அதிர்வு நின்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஆறு முறை பார்ப்பேன்.

"வந்துட்டாரு ஈ.பி.காரரு, ரீடிங் எடுக்க" என்பாள் அவள். அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

விளக்கைப் போட்டேன். முந்தின மாலை தெருக்கோடி அம்மன் கோயிலில் காப்பு கட்டியிருந்தார்கள். பெண்களுக்கு இடது கையில்தான் கட்டுவது. இரவு பார்த்தபோது அந்த மஞ்சள் கயிறு இவள் மணிக்கட்டில் தளர்வாகவே கிடந்தது. தூக்கத்தில் அது மேலே ஏறி, பருத்த சிரையின்மேல் இறுகி, கை வீங்கியிருந்தது. கீழே தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

டயாலிசிஸ் நர்ஸுக்குப் போன் செய்தேன். "மொதல்ல அந்தக் கயித்த அறுங்க சார். ஜல்தியா கூட்டிக்கினு வாங்க. லேட்டானா அந்த ஃபிஸ்டுலா அவ்ளோதான்."

அது போனால் கழுத்தில் குழாய் செருகவேண்டும். முன்பு ஒருமுறை செருகியபோது, குளிர் ஜுரம் வந்து அவள் பிழைத்ததே பெரிது. கத்தரியை எடுத்து வந்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தா பேர்ல கட்டுனது. கூழ் ஊத்தாம அறுக்கக் கூடாதுங்க."

"உள்ள ரத்தம் நின்னு போச்சிடி!"

"பூசாரியக் கேளுங்க. அவரு சொல்லட்டும்."

பூசாரி வீடு எதிர்ச்சாரியில். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்தார். கையைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ நல்லா இருக்கணும்னுதான கட்னேன்? அந்தக் கைக்குப் பதிலு இந்தக் கைன்னா ஆத்தா கோச்சிக்கினு போயிடுமா?"

கயிற்றை அவரே அறுத்தார். புதிதாக ஒன்றை வலது கையில் கட்டினார். "ஐயா, விரல விட்டுப் பாருங்க. டைட்டா கீதா?"

"நல்லா சொன்னீங்க போங்க. இனிமே இதுக்கும் ரீடிங் எடுப்பாரு" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு வந்து, நான் வரவழைத்திருந்த வாடகைக் காரில் ஏறினாள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. என் விரல்கள் அவள் கைமேலேயே இருந்தன. கயிறு போயும் அதிர்வு திரும்பவில்லை.

விழுப்புரத்தில் அறுவை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், சத்தம் இல்லை என்று தலையை அசைத்தார். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறிதாகக் கீறி, உறைந்த ரத்தத்தை வெளியே எடுத்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கூரை விசிறியின் சுற்றுகளை எண்ணப் பார்த்தேன். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்த மருத்துவர், "நேரத்தோட கூட்டியாந்தீங்க. நாளைக்கு வந்திருந்தா கஷ்டம்" என்றார்.

கட்டுக்கு மேலே விரல் வைத்தேன். ஏதோ அதிர்ந்தது. என் விரல் நடுக்கமோ என்று சந்தேகம். அவளையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"ஓடுதுங்க" என்றாள்.

மருத்துவருக்கு நன்றி சொன்னேன். நர்ஸுக்கு இரண்டு முறை சொன்னேன். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். "வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியாச்சி, கெளம்புங்க" என்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஊர் திரும்பியதும் பூசாரிக்குப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். வேட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அறுவைக்குக் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணம் ஒன்றும் கேட்கவில்லை. கார் வாடகை 2,200, மருந்து 386, இரண்டு பேருக்கு இட்லி 94, வேட்டி 350. ஆக மொத்தம் மூவாயிரத்து முப்பது ரூபாய்.