ஐம்பதைத் தாண்டாத கால்

என் கால் லேசான கால் என்று கண்டுபிடித்துச் சொன்னவன் என் அண்ணன். துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தான். அப்பா இறந்த பிறகு மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த அவருடைய காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். எஞ்சினை அக்கக்காகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட வைத்தான்.

"எல்லாம் உனக்குத்தான் மக்கா. இன்னும் எத்தனை காலம் பஸ்ஸுல தொங்குவ?" என்றான்.

நான் அருமனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு சுசீந்திரத்தில். நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மார்த்தாண்டத்துக்கு ஒன்று, பிறகு அருமனைக்கு இன்னொன்று. சாயங்காலம் அதே மூன்றும் திரும்பவும். எனக்குக் கார் என்றால் காலையில் முக்கால் மணி நேரத் தூக்கம், நின்று நின்று நீர் கோத்துக்கொள்ளும் முழங்காலுக்கு ஓர் ஓய்வு.

சாவியைத் தரும்போது மெக்கானிக் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "ஆயிரம் கிலோமீட்டர் ஆவது வரைக்கும் அம்பதைத் தாண்டக்கூடாது, கேட்டியளா. ஒரே வேகத்துலயும் போவாண்டாம், கூட்டிக் குறைச்சு ஓட்டணும். மேட்டுல கியரைக் குறைச்சுக்கிடுங்க. ஏசி போடாண்டாம். புது ரிங்கு சிலிண்டரோட இணங்கி வரணும். இப்ப அவசரப்பட்டா பொறவு ஆயுசுக்கும் ஆயிலைக் குடிக்கும்."

அண்ணன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "எனக்க கால் பட்டா நூறுதான். இவளுக்க கால் லேசு. இவளே ஓட்டட்டும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முட்டாள் என்றால் அப்படி ஒரு முட்டாள்.

மறுநாளிலிருந்து ஆறு மணிக்கே புறப்பட்டேன். தூக்கம் மிச்சமாகும் என்று நினைத்தது முதல் நாளே போயிற்று. பின்னால் வந்த பஸ் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத்தான் தாண்டின. தக்கலைப் பக்கம் மீன் பெட்டி கட்டின ஸ்கூட்டி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஓட்டினவர் திரும்பிப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. ஏசி இல்லாமல் வேர்த்து ஊற்றி, சேலையெல்லாம் நனைந்து போய் இறங்குவேன். "டீச்சரே, வழியில எங்கயாவது எறங்கித் தள்ளினியளா?" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். என் வண்டியைத்தானே சொல்கிறார்கள்.

முதல் இருநூறு கிலோமீட்டர் எஞ்சின் முறுக்கிக்கொண்டே ஓடியது. மிதித்தால் முனகும். அறுநூறு வாக்கில் ஒருநாள், தொடுவெட்டி மேட்டில் மூன்றாம் கியருக்கு மாற்றினபோது அந்த முனகல் இல்லை. புதுச் செருப்பு ஒருநாள் திடீரென்று காலுக்கு இணங்கிவிடுமே, அது போல. தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை, கிலோமீட்டர் கூட்டுவதற்கென்றே இனயம் வரை போய், கடலைப் பார்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கேட்டவர்களிடமெல்லாம் "அண்ணன் எனக்காக எடுத்துத் தந்தது" என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனின் முதல் கேள்வி, "இன்னைக்கு எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். என்மேல் உள்ள அக்கறை என்று நினைத்தேன். இடையில் ஒருநாள் சில படிவங்களை நீட்டினான். "அப்பாக்க பேருல இருக்குல்லா, மாத்தணும்." என் பெயருக்கு என்று நானே நினைத்துக்கொண்டு, அவன் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளிடம் "கேள்வியை ரெண்டு தடவை வாசிச்சிட்டு எழுது" என்று தொண்டை வறளக் கத்துகிறவள் நான். ஒரு தடவைகூட வாசிக்கவில்லை.

ஆயிரம் முடிந்த சனிக்கிழமை ஆயில் மாற்றப் போனோம். மெக்கானிக் பழைய ஆயிலை இறக்கிப் புதியதை ஊற்றிக்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டின ஒருவர் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அருமனையில் ரப்பர் தோட்டம் உள்ளவர் என்றான் அண்ணன். பிறகு அவரிடம் என்னைக் காட்டினான்.

"லேடீஸ் ஓட்டின வண்டியாக்கும். அதுவும் டீச்சர். ஆயிரம் கிலோமீட்டரும் இவ ஒருத்திதான். அம்பதைத் தாண்டல."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை விற்கப்போகிறான் என்று விளங்கினதும் அவனை ஓரமாகக் கூப்பிட்டேன். "அண்ணே, எனக்குன்னுதானே சொன்ன?"

"பழைய வண்டி மக்கா, உன்னால கட்டிமேய்க்க முடியாது. உனக்கு நல்ல ஸ்கூட்டியா ஒண்ணு எடுத்துத் தாறேன்." குரலைத் தாழ்த்தினான். "எனக்க பேருக்கு மாத்த நீ கையெழுத்தும் போட்டாச்சுல்லா. ஆளு முன்னால மூஞ்சியைத் தூக்காத. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு."

வந்த முதல் நாளே எல்லாம் தீர்மானித்துவிட்டான். என் கால் மட்டும்தான் அவனுக்குத் தேவையாக இருந்தது. கார் கைவிட்டுப் போவதைவிட அதுதான் எனக்கு வலித்தது. கேட்டிருந்தால் விற்கச் சம்மதித்துக்கூட இருப்பேன். கேட்கவில்லை, சொந்தத் தங்கச்சியிடம்.

ஓட்டினேன். பக்கத்தில் ரப்பர் தோட்டக்காரர், பின்சீட்டில் அண்ணன். வயலுக்கு நடுவே ரோடு நேராகக் கிடந்தது, எதிரே ஒரு வண்டியும் இல்லை. ஒரே மிதி மிதித்து நூறில் பறக்கவிட வேண்டும், லேசான காலும் மண்ணும் பொய் என்று தெரிந்து இந்த மனிதர் பயந்து இறங்கிப் போகட்டும் என்று ஆத்திரமாக வந்தது. மிதித்தேன். முள் நாற்பத்தைந்தைத் தாண்டி ஐம்பதைத் தொட்டது. எஞ்சினின் சத்தம் கொஞ்சம் மாறினது. கால் தானாகத் தளர்ந்துவிட்டது. திரும்பவும் மிதித்தேன், திரும்பவும் தளர்ந்தது. என்னை ஏமாற்றினவன் பின்னால் இருக்கிறான், எஞ்சின் என்ன செய்தது?

"இனி மிதிக்கலாமே டீச்சரே, ஆயிரம் ஆயாச்சே" என்றார் அவர்.

பின்சீட்டிலிருந்து அண்ணன் சிரித்தான். "பாத்தியளா? நான் சொன்னேன்லா. மிதின்னு சொன்னாலும் மிதிக்க மாட்டா."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். "செரி, வண்டியை நானே வாங்கிக்கிடுதேன்" என்றார்.