காப்பார் லயத்தில் நான் சொல்லாத பதில்

முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று, அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான் மானிடவியல் என்கிற எங்கள் தொழில். இன்சூரன்ஸுக்கும் கணக்கெடுப்புக்கும் வீடு வீடாக அலைந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஒரு பேராசிரியருக்கு நான் ஆய்வு உதவியாளர். தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியபின் குடும்பங்கள் எப்படி மாறுகின்றன என்பது ஆய்வு.

வீட்டு ஆள்

காப்பார் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாக்கியம் அக்கா இருந்தார். கணவர் இல்லை, உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு என்றார். மகள் சரோஜா பெட்டாலிங் ஜெயாவில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மாதம் ஒருமுறைதான் வருவாள்.

நாங்கள் நிரப்பும் கேள்விப் பாரத்தின்படி, வீட்டில் தூங்குகிறவர்தான் வீட்டு ஆள். 'ஒன்று' என்று எழுதினேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அடிச்சிட்டு ரெண்டுன்னு போடும்மா. அவ பாயில நான் யாரையும் படுக்க விடறதில்ல."

முடியைவிட மெல்லிய கம்பி

அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போனேன். ஒரே அறையில் எட்டுப் பெண்கள். சரோஜாவின் நெருங்கிய தோழி கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்த மலாய்ப் பெண் ரொக்கியா. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சின்னச் சில்லுகளில் ஒட்டுவது இருவருக்கும் வேலை. அது அமெரிக்காவுக்குப் போகுமாம், கம்ப்யூட்டரில் போடுவார்களாம். சரோஜா கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை.

பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனாள். நான் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"பஸ் நம்பர்கூட ரொக்கியாதான் பார்த்துச் சொல்லுவா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க லா அக்கா, உடனே வேலைய விடச் சொல்லிடும்."

பெயர் போடாதே

பேராசிரியரிடம் சொன்னேன். ஒருத்தர் நம்பிச் சொன்னதை இன்னொருத்தரிடம் சொன்னால் நாளை யாரும் நம்மிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்றார். தப்பு என்று சொல்ல முடியவில்லை. மனசு கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜாவைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வேலையை விட்டுவிடச் சொன்னார். தலையாட்டினாள், திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள்.

மறுபடியும் பேராசிரியரிடம் போய், அவள் கண் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"குறிப்பில் எழுதி வை. பெயர் போடாதே."

ஒரே கேள்வி

காப்பாருக்குத் திரும்பிப் போனபோது, மகள் நல்லா இருக்காளா என்று பாக்கியம் அக்கா கேட்டார். "இருக்கா" என்றேன். முகம் மலர்ந்து தேநீர் போட்டுக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்துத் தொழிற்சாலை சரோஜாவை நிறுத்திவிட்டது. கண் பரிசோதனையில் தேறவில்லை. கேள்விப்பட்டதும் காப்பாருக்கு ஓடினேன். வாசல்படியில் உட்கார்ந்து, அரிசியில் கல்லை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். எனக்கு முன்னமே தெரியும் என்பதை அம்மாவிடம் அவள் சொல்லியிருந்தாள்; ஆனாலும் அக்கா என்னைத் திட்டவில்லை. அன்றும் தேநீர் வந்தது. நான் நோட்டைத் திறக்கவில்லை. கிளம்பும்போதுதான் பேசினார்:

"நீ கேட்டதுக்கெல்லாம் நான் மறைக்காம சொன்னேன். நான் உன்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானேம்மா."

எங்கள் ஆய்வு அச்சாகி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வரை போனது. இன்றைய உலகம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதை அது தெளிவாகப் புரியவைக்கிறது என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.